ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட விறகு

1

மலாயாவில், புலாவ் செபாங் ரயில்வே குடியிருப்பில் என் வீட்டுக்குப் பின்னால் இரண்டு விறகு அடுக்குகள் நிற்கின்றன. ஒன்று எரிக்க, ஒன்று காய. போன வாரம் சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வந்து பிரம்பால் அதைத் தட்டிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மலாய் எனக்குக் கடைவீதிக்குப் போதுமான அளவு வரும். இங்கிலீஷ் வராது. என் மகள் சரோஜாதான் நடுவில் நின்று பேசினாள். எட்டு வயதாகிறது, இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள்.

"அப்பா, இது எலிக்கு வீடாம். ரெண்டு வாரத்துல எடுக்கணுமாம். இல்லன்னா சம்மன் லா."

"அடுக்கு தரையில படவே இல்லம்மா. கீழ ஒரு சாண் சந்து விட்டிருக்கேன், எலி தங்காதுன்னு சொல்லு."

அவள் அதைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "எல்லா வீட்லயும் கிரசின் அடுப்பு வந்துருச்சு. என் யூனிபார்ம்ல பொகை நாத்தம் வருதுன்னு பக்கத்துல யாரும் உக்கார மாட்றாங்க" என்றாள். வந்தவர் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் அவள்தான் வாசித்தாள். என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

ஊரில் வேலமரத்தை வெட்டி வெயிலில் போட்டால் பத்து நாளில் காய்ந்துவிடும். அங்கே விறகு காய வைப்பது ஒரு வேலையே இல்லை. இங்கே காலையில் வெயில், பிற்பகலில் மழை. எரிப்பது ரப்பர் கட்டை. வெட்டிய அன்றே பிளந்தாக வேண்டும். பிளக்காமல் போட்டால் பால் உள்ளேயே நின்றுகொள்ளும், ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும், அப்புறம் பூச்சி அரித்து மாவாகக் கொட்டும். கீழே செங்கல் வைத்து, சாம்பல் தூவி, அதன்மேல் அடுக்க வேண்டும். மூலைகளில் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் அடுக்கு சாயாது. பட்டை மேலே பார்க்க வேண்டும். தலைக்கு மட்டும் தகரம் போதும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்குப் போட்டு மூடுகிறவன் விறகை அவித்துவிடுவான். மழை பட்டால் விறகு கெடாது, காற்று படாவிட்டால்தான் கெடும். மூன்று மாதம் போனால் வெட்டுமுகத்தில் விரிசல் விழும், பட்டை தானே கழன்று வரும். இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் இன்னும் காயவில்லை.

இதை நான் யாரிடமும் கற்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். காய்ந்த விறகு வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. தோட்டத்தில் எங்களோடு இருந்த ஒருவர் ஊருக்குப் போய்க் கப்பலில் திரும்பி வந்திருந்தார். ஸ்டேஷனில் பார்த்தேன். நாமக்கல் பக்கம் போனாராம். தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த காளியப்பன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"இருக்கான். பொண்டாட்டிக்குத் திதி குடுக்கறதில்ல. கேட்டா, மாரியாத்தாளே வேண்டான்னு தள்ளுனவளுக்கு நான் என்னத்தக் குடுக்கறதுங்கறான். அந்தப் பொம்பள மேல என்னமோ குத்தம் இருக்குன்னு ஊரே பேசுது. நீங்கதான் பக்கத்து வீடு. அப்படி என்ன பண்ணுச்சு அது?"

ரயில் வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். காளியப்பனின் மனைவி அஞ்சலையைப் பற்றி அப்படியொரு பேச்சு வந்ததற்குக் காரணம் நான்.

2

அது நடந்தது மலாயாவின் அவசரகாலத்தில். அவசரகாலம் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அரிசி கொடுக்கக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. அரிசி கொடுக்காவிட்டால் அவர்கள் அடிப்பார்கள், கொடுத்தால் இவர்கள் பிடிப்பார்கள். தோட்டத்தில் சிதறிக் கிடந்த எங்கள் லயங்களை, வரிசை வீடுகளைக் காலிசெய்து, எல்லாக் குடும்பத்தையும் ஒரே மேட்டில் கொண்டுவந்து வைத்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். ஆறு மணிக்குமேல் வேலிக்கு வெளியே எது அசைந்தாலும் சுடலாம் என்று உத்தரவு.

பழைய லயத்துப் பின்புறங்களில் நின்ற விறகு அடுக்குகளையெல்லாம் அங்கேயே கொளுத்திவிட்டார்கள். ஆள் ஒளிய இடமாகும் என்றார்கள். ஒரு வருஷத்து விறகு ஒரே மத்தியானத்தில் போனது. நன்றாகக் காய்ந்திருந்ததால் புகைகூட வரவில்லை.

வேலிக்குள் வந்தபிறகு ஒரு சட்டம். முழங்கால் உயரத்துக்குமேல் விறகு அடுக்கக்கூடாது. வாரம் ஒருமுறை போலீஸ் வந்து, உள்ளே அரிசி இருக்கிறதா என்று அடுக்கைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சேற்றிலிருந்து பொறுக்கித் திரும்ப அடுக்குவோம். அடுத்த வாரம் மறுபடியும் பிரிப்பார்கள். அப்படிப்பட்ட விறகு எப்படிக் காயும்? வேலிக்குள் எந்த வீட்டிலும் உலர்ந்த கட்டை கிடையாது. அடுப்பு ஊதி ஊதிப் பெண்களுக்குக் கண் பழுத்துப் போயிருந்தது.

ஒரே ஓர் அடுக்குக்கு மட்டும் விலக்கு இருந்தது. அது நான் ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்டது.

எனக்கும் என் மனைவி ருக்குமணிக்கும் முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது, இன்னொன்று பதினோராம் நாள். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இந்தப் பிள்ளை தங்கினால் உன் தீமிதிக் குழிக்கு வேண்டிய விறகு முழுவதையும் என் கையால் பிளந்து, என் கையால் காயவைத்துத் தருகிறேன் என்றேன். சரோஜா தங்கினாள். புது இடத்தில் ஆத்தாளுக்குத் தகரக் கொட்டகை போட்டபோது, தோட்டத்துக் குமாஸ்தா கிராணியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு ஒரு துண்டு இடம் வாங்கி, கொட்டகை ஓரம் ஆள் உயரத்துக்கு அடுக்கினேன். மேலே சிவப்புத் துணி கட்டி வேப்பிலை செருகினேன். போலீஸ்காரர்கள் அதில் மட்டும் கை வைக்கவில்லை.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தீமிதிக்கு அனுமதி வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை.

3

அஞ்சலை காய்ச்சலில் ஆறு நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏழாம் நாள் காலையில், ஆட்களை வேலைக்கு அனுப்பப் பிரட்டில் பேர் கூப்பிடும் நேரத்தில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. காளியப்பனுக்கு அவளைவிட்டால் யாருமில்லை.

பழைய சுடுகாடு காட்டோரம் இருந்தது. அங்கே போகத் தடை. கிராணி தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசிவிட்டு வந்து சொன்னார்.

"கேட்டுக்கு வெளிய ஆத்தோரமா எரிச்சிக்கலாம். பன்னெண்டு ஆம்பளைக்குப் பாஸ். மூணு மணிக்குப் போயி ஆறுக்குள்ள உள்ள வந்துரணும்."

"நாளைக்குக் காலைல வச்சிக்கிறோமுங்க. வெறகு ஈரமா இருக்கு" என்றான் காளியப்பன்.

"தொரை கையெழுத்து இன்னிக்குத்தான். நாளைக்கு அவரு இல்ல. ஒன் பொண்டாட்டிக்காக அவரு மலாக்காவுல இருந்து திரும்பி வருவாரா?"

காளியப்பன் நேராக என்னிடம் வந்தான். வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. தீட்டு.

"அண்ணே, கோயில் கட்டையில பாதி குடுங்க. அடுத்த தீமிதிக்குள்ள நான் வெட்டிப் பொளந்து காயவச்சித் தந்துர்றேன். நீங்க காட்ற மாதிரியே அடுக்கறேன்."

"அது ஆத்தாளுக்கு நேந்துவிட்டது, காளி."

"தெரியும் அண்ணே. அதான் கேக்க வந்தேன். எடுக்க வரல."

ருக்குமணி கதவுக்குப் பின்னால் நின்றாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. அதற்கு அப்போது ஒன்றரை வயது. பிள்ளையைப் பார்த்தேன். ஆத்தாளுக்கென்று வைத்ததைப் பிணத்துக்குக் கொடுத்தால் ஆத்தா எதை எடுத்துக்கொள்வாள்?

"பூக்கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பாருங்க அண்ணே. ஆத்தா என்ன சொன்னாலும் சரி" என்றான்.

4

பிணம் கிடக்கும்போது கோயில் நடை சாத்தியிருக்கும். சாத்திய தட்டிக்கு வெளியே நான் உட்கார்ந்தேன். ஒரு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டினேன். வெள்ளை வந்தால் கொடு, சிவப்பு வந்தால் கொடுக்காதே. பிள்ளையைத் தூக்கி வந்திருந்தேன். பச்சைப் பிள்ளை கையால் எடுப்பதுதான் வழக்கம். அங்கே வேறு யாருமில்லை.

சரோஜா ஒன்றை எடுத்தாள். பிரித்தேன். வெள்ளை.

ஆத்தா கொடு என்று சொல்லிவிட்டாள். அத்தோடு எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. நடை சாத்தியிருக்கும்போது கேட்டது கணக்கில் வருமா என்று நினைத்தேன். பிள்ளை விளையாட்டாக எடுத்திருக்கும் என்று நினைத்தேன். வேறு இலை கிழித்துத் திரும்பக் கட்டினேன். பிள்ளை எடுத்தாள். வெள்ளை.

மூன்றாவது தடவையும் கட்டினேன். இந்தத் தடவை சிவப்பு வந்தது. உடனே எழுந்துவிட்டேன். விழுந்து கும்பிட்டேன். அந்த நேரத்தில் எனக்குப் பயம் போய் நிம்மதி வந்தது என்பதையும் எழுத வேண்டும். ஆத்தாளே என் பக்கம் இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

காளியப்பன் ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருந்தான். "செகப்பு வந்துருச்சு காளி. ஆத்தா உத்தரவு குடுக்கல" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு சந்தேகமும் அவன் முகத்தில் இல்லை. "சரி அண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். பிறகு எழுந்து, "அடுக்கறதுக்காச்சும் நீங்க வாங்க. ஒங்க கை பட்டா எரியும்" என்றான்.

5

வீடு வீடாகப் போய் ஈரக்கட்டை வாங்கினோம். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாம் சேற்றோடு இருந்தது. கேட்டில் போலீஸ்காரர்கள் பாடையை இறக்கச் சொல்லி, துணிக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்கள். அரிசி இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். காளியப்பன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி அடுக்கினேன். ஒவ்வொரு கட்டையையும் கத்தியால் சீவி, உள்ளே கொஞ்சம் உலர்ந்த பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி வைத்தேன். கொட்டாங்கச்சியும் பழைய கூடைகளும் அடியில் போட்டோம். கிரசின் ஒரு போத்தல்தான் கிடைத்தது. காளியப்பன் கொள்ளி வைத்தான். கிரசின் எரிந்தது, துணி எரிந்தது. கட்டை எரியவில்லை. முனையில் நுரை தள்ளிக்கொண்டு சீறியது. கறுப்புப் புகை ஆற்றின்மேல் படர்ந்தது. பன்னிரண்டு பேரும் மாறி மாறித் தகரத்தால் விசிறினோம். அடுக்கைக் கலைத்து இரண்டாம் தடவை கட்டினேன். எப்படிக் கலைத்தேன், எதை நகர்த்தினேன் என்பதை எழுத என்னால் ஆகாது.

"சுடா புக்குல் எனாம்" என்று கேட்டிலிருந்து ஒரு போலீஸ்காரன் கத்தினான். ஆறு மணி ஆகிவிட்டது என்கிறான்.

எங்களில் ஒருவர் போய்க் கையைக் கூப்பி இன்னும் ஒரு மணி நேரம் கேட்டார். அவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் காட்டினான். அவன் சின்னப் பையன்தான். அவனுக்கும் மேலே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

காளியப்பன் வரவில்லை. இரண்டு பேர் அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தோம். வரும்போது கத்தவும் இல்லை. "தனியா விட்டுட்டு வர்றோமே, தனியா விட்டுட்டு வர்றோமே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான். கேட்டைப் பூட்டினார்கள். வேலி ஓரம் நின்று பார்த்தோம். புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அங்கே கூடி நிற்காதீர்கள் என்று விசில் ஊதி விரட்டினார்கள்.

நான் குளித்துவிட்டு வந்தபோது ருக்குமணி சோறு வைக்கவில்லை.

"எரிஞ்சுதா?"

"இல்ல."

"பூ என்ன வந்துச்சு?"

"செகப்பு. சொன்னேன்ல."

"புள்ள கையில வெள்ளப் பூவுல்ல கசங்கிக் கெடந்துச்சு. வாயிலயும் ரெண்டு எதழ் ஒட்டியிருந்துச்சு. நாந்தான் தொடச்சு விட்டேன்."

எத்தனை தடவை கட்டினேன் என்று அவள் கேட்கவில்லை.

"புள்ளைக்காகன்னு சொல்லாதீங்க. எனக்கும் அது புள்ளதான். நீங்க என்னை ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா மொதத் தடவையே குடுத்துருங்கன்னு சொல்லியிருப்பேன்." பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். "காலைல கேட்டுத் தொறந்ததும் கொண்டு போய்க் குடுங்க. ஆத்தா எதாச்சும் கேட்டா என்னைக் கேக்கட்டும்."

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சரோஜா வந்து எட்டிப் பார்த்தாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஊர்ப் பத்திரிகைக்கு விறகைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "வெறகு பத்தி யாருப்பா படிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க அவளுக்கு வராது. வராதவரைக்கும் இந்தக் காகிதம் மேசைமேல் கிடக்கலாம். இது அவளுக்கு உயிர் கொடுத்த தெய்வத்தை அவள் அப்பன் மூன்று தடவை கேட்ட கதை. அவளுக்கு அன்றுமுதல் இன்றுவரை ஒரு தலைவலிகூடப் பெரிதாக வந்ததில்லை. ஆத்தா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் அவள் கேட்டது விறகை மட்டும்தான். அதையும் தனக்கென்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நடந்தது இதுதான்.

பாஸ் இல்லாததால் பால்வெட்டுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து கேட்டுக்குப் போனேன். சிவப்புத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டைகளைக் கைவண்டியில் ஏற்றியிருந்தேன். போலீஸ்காரன் ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னான். இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தான். 'காயு கெரிங்' என்று கூட்டாளியிடம் காட்டினான். காய்ந்த விறகாம். நேற்று இதை எங்கே வைத்திருந்தாய் என்று மலாயில் என்னிடம் கேட்டுச் சிரித்தான். அஞ்சலையைப் பார்க்கப் போகக் காளியப்பனும் வந்து எனக்குப் பின்னால் நின்றான். அவனுக்கு மலாய் நன்றாக வரும்.

ஆற்றோரம் பன்றித் தடம் இருந்தது. அதற்குமேல் எழுதவில்லை. அஞ்சலையின் மஞ்சள் பூசிய பாதம் ஒன்று அப்படியே இருந்தது. காளியப்பன் தன் மேல்துண்டை எடுத்து அதைப் போர்த்தினான். பிறகு வண்டியில் இருந்த கட்டையைத் தடவிப் பார்த்தான்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளா அண்ணே?"

"குடுத்துட்டா" என்றேன்.

அவன் குந்தி உட்கார்ந்தான். அந்தத் தடங்களைப் பார்த்தான்.

"நேத்து குடுக்கல. இன்னிக்குக் குடுக்கறா. அப்ப இவ ஒரு ராத்திரி இப்படிக் கெடக்கணும்னு ஆத்தாளே வச்சிருக்கா. ஆத்தா சும்மா செய்ய மாட்டா அண்ணே. எனக்குத் தெரியாம இவ என்னமோ பண்ணியிருக்கா."

அப்போது சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு அவனையும் என்னையும் தவிர யாருமில்லை. "அப்படியெல்லாம் நெனைக்காத காளி" என்று மட்டும் சொன்னேன். அது அவன் காதில் ஏறவில்லை. நான் குனிந்து கட்டையை அடுக்கினேன். அவன் மறுபடி கொள்ளி வைத்தான். ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. பால் சேகரித்து ஆட்கள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு மாதத்தில் அவன் கப்பலேறிப் போய்விட்டான். வழியனுப்பப் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

காளியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. நாமக்கல் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது அவனைத் தேடிப்போய் இதை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். ஊர்க்காரர்களும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். அஞ்சலைமேல் ஒரு குற்றமும் கிடையாது. அவன் என்னைத் திட்டினால் திட்டினதை விடாமல் எனக்கு எழுதுங்கள், ஒன்றும் பேசாமல் எழுந்து போனால் அதையும் எழுதுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்றை எழுதுங்கள். இந்த வருஷம் அவளுக்குத் திதி கொடுத்தானா?